618 கரடிகள், 870 மனிதர்கள்: சர்ச்சில் ஊரின் கணக்கு

கனடாவின் மானிடோபா மாகாணத்தில், ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில் இருக்கிறது சர்ச்சில். 2016இல் 899 ஆக இருந்த மக்கள்தொகை 2021இல் 870, குறைவு 3.2 விழுக்காடு. ஊருக்குச் சாலை கிடையாது. வின்னிபெக்கிலிருந்து ரயில் பாதை சுமார் 1,700 கி.மீ.; பயண நேரம் ஏறக்குறைய இரண்டு நாள். 2017 மே மாத வெள்ளம் பாதையை அரித்ததால், 2018 டிசம்பர் வரை 18 மாதங்களுக்கு மேல் பயணிகள் ரயில் ஓடவில்லை. இவ்வளவு தொலைவு கடந்து மக்கள் வருவது முக்கியமாக மூன்றைக் காண: ஜூலை, ஆகஸ்டில் பெலுகா திமிங்கிலம், அக்டோபர், நவம்பரில் பனிக்கரடி, பிப்ரவரி, மார்ச்சில் வடதுருவ ஒளி.

இவற்றில் உள்ள இரு விலங்குகளில் எண்ணிக்கையில் பெரியது பெலுகா. மேற்கு ஹட்சன் விரிகுடாவில் சுமார் 55,000 பெலுகாக்கள் இருப்பதாக மதிப்பீடு. கோடையில் சர்ச்சில் ஆற்று முகத்துவாரத்துக்கு வருபவை 3,000 அளவில், அதாவது மொத்தத்தில் 5.5 விழுக்காடு. அப்படியிருந்தும், ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது கரடிதான்.

மேற்கு ஹட்சன் விரிகுடாக் கரடிகளின் மதிப்பீடு 1987இல் 1,194, 2004இல் 935, 2016இல் 842, 2021இல் 618. முதல் 17 ஆண்டுகளில் ஆண்டுக்குச் சராசரியாக 15 கரடிகள் குறைந்தன. கடைசி 5 ஆண்டுகளில் ஆண்டுக்கு 45. 1987இலிருந்து மொத்தச் சரிவு 48 விழுக்காடு. இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். முதலிரு மதிப்பீடுகள் கரடிகளைப் பிடித்து அடையாளமிட்டுக் கணித்தவை. பின்னிரண்டும் விமானத்திலிருந்து எண்ணியவை. மேலும், தெற்கு ஹட்சன் விரிகுடாவில் 2016இல் 780 ஆக இருந்த மதிப்பீடு 2021இல் 1,119 ஆனது. சில கரடிகள் இடம் மாறியிருக்கலாம். ஆனாலும், மனிதரைவிடக் கரடி அதிகம் என்ற ஊர்ப்பெருமை இன்று எண்ணிக்கையில் நிற்கவில்லை. 2016இல் சர்ச்சில்வாசிகள் 100 பேருக்கு அந்தப் பகுதி முழுவதிலும் 94 கரடிகள், 2021இல் 71.

கரடி கரையில் நிற்பதற்குக் காரணம் கடலில் பனி இல்லாததுதான். சீல் வேட்டை பனிமேல் நடப்பது. 1980களோடு ஒப்பிட்டால் கரையில் கழியும் காலம் சுமார் மூன்று வாரம் நீண்டிருக்கிறது. 2024இல் வெளியான ஓர் ஆய்வு, இப்பகுதியின் 20 கரடிகளுக்குக் கேமரா பொருத்திய கழுத்துப்பட்டை மாட்டி, 19 முதல் 23 நாள்வரை பின்தொடர்ந்தது. அவை புல்லும் பெர்ரியும் தின்றன, பறவைகளின் சடலங்களையும் கடித்தன; ஆனால் 20இல் 19 கரடிகள் எடை இழந்தன. இழப்பு நாளொன்றுக்கு 0.4 முதல் 1.7 கிலோ. அதே வேகம் நீடித்தால், கூடுதலான 21 நாளின் விலை ஒரு கரடிக்கு 8 முதல் 36 கிலோ. பயணிக்குப் பருவமாக இருப்பது கரடிக்குப் பட்டினிக் காலத்தின் கடைக்கட்டம்.

பசித்த கரடி ஊருக்குள்ளும் வரும். பிடிபடுபவற்றை அடைத்து வைக்க 28 அறைகள் கொண்ட கட்டடம் 1982 முதல் இயங்குகிறது. மனிதரிடம் உணவு கிடைக்கும் என்று கரடி பழகிவிடக் கூடாது என்பதால் அங்கே தண்ணீர் மட்டுமே தரப்படும். பல கரடிகள் பின்னர் ஹெலிகாப்டரில் ஊருக்கு வடக்கே கொண்டுபோய் விடப்படுகின்றன.

கரடியைக் காண வரும் பயணிகளின் பக்கத்துச் செலவு கரியமில வாயு. 2010இல் வெளியான ஆய்வின்படி, கரடிப் பருவம் ஒன்றின் மொத்த வெளியேற்றம் 20,892 டன், தலைக்கு 1.54 முதல் 8.61 டன். உலகச் சராசரிச் சுற்றுலா அனுபவம் ஒன்றுக்கு 0.25 டன் என்பதோடு ஒப்பிட்டால் இது 6 முதல் 34 மடங்கு. இதில் பெரும்பங்கு விமானப் பயணத்தினுடையது. உலக வெளியேற்றத்தில் 20,892 டன் மிகச் சிறிய பங்கு. கடற்பனி உருகுவதற்கு இந்தப் பயணிகளை மட்டும் காரணமாக்க முடியாது. ஆனால் 1.54க்கும் 8.61க்கும் இடையே 5.6 மடங்கு வித்தியாசம் இருக்கிறது. எங்கிருந்து, எதில் ஏறி வருகிறோம் என்பது அந்த இடைவெளிக்குள் அடங்கும் முடிவு. ரயிலைத் தேர்வதும் பெலுகாவின் கோடையில் செல்வதும் 870 பேரின் பிழைப்பைக் கெடுக்காது. ஒரே பருவத்தை நம்பியிருக்கும் சுமையைக் குறைக்கும். கரடியை அதனால் மட்டும் காப்பாற்றிவிட முடியாது. அதற்குப் பனி நிற்கும் நாள்களின் எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும். அந்தக் கணக்கு சர்ச்சிலுக்கு வெளியே, உலகம் முழுவதிலும் எழுதப்படுவது.