மூட்டு வலியோடு 14 மணி நேரம்: பிரீமியம் எகானமிக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

லண்டனிலோ மெல்பர்னிலோ வேலை செய்யும் பிள்ளை, “அம்மா, இந்தத் தடவை பிரீமியம் எகானமியில் டிக்கெட் போடுகிறேன்” என்று சொன்னால், பல வீடுகளில் வரும் பதில் ஒன்றுதான்: “எதுக்குப்பா வீண் செலவு? எங்க உட்கார்ந்தாலும் பிளேன் ஒரே நேரத்துக்குத்தானே போய்ச் சேரும்!”

அந்தப் பதிலிலும் நியாயம் இருக்கிறது. சாதாரண எகானமி டிக்கெட்டைவிட பிரீமியம் எகானமி பெரும்பாலும் ஒன்றரை மடங்கு விலை. விடுமுறை காலத்தில் இரண்டு மடங்கைத் தாண்டுவதும் உண்டு. தோட்டத்தில் பால் மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களுக்கு, ஓர் இருக்கைக்காக மட்டும் ஆயிரக்கணக்கான வெள்ளி கூடுதலாகக் கொடுப்பது மனத்துக்கு ஒப்பாது. ஆனால் அதே தோட்ட வேலையில் தேய்ந்துபோன முட்டிகளோடுதான் அவர்கள் 14 மணி நேரம் உட்காரவும் வேண்டியிருக்கிறது. ஆகவே அந்தப் பணத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது, யாருக்கு அது பயன்படும் என்று பார்ப்பது நல்லது.

பிரீமியம் எகானமி என்பது பிசினஸ் வகுப்பு அல்ல. இருக்கை கட்டிலாக விரியாது. எகானமியைவிடச் சற்று அகலமான, சற்றுத் தள்ளி வைத்த, சற்று அதிகம் சாயும் நாற்காலி என்று புரிந்துகொண்டால் பிறகு ஏமாற்றம் இருக்காது. 1990களின் தொடக்கத்தில் தைவானின் ஈவா ஏர், பிரிட்டனின் வெர்ஜின் அட்லாண்டிக் போன்ற நிறுவனங்கள் தொடங்கிய இந்த வகுப்பை, கேத்தே பசிபிக் 2012லும், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2015லும், எமிரேட்ஸ் 2022லும் கொண்டுவந்தன.

விளம்பரங்களில் ‘பிட்ச்’ என்று ஒரு சொல் வரும். ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன் இருக்கையின் அதே புள்ளி வரை உள்ள தூரம் அது. கால் நீட்டும் இடம் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். முதுகுச் சாய்வின் தடிமனும் அதற்குள் அடங்கும். எகானமியில் இது வழக்கமாக 31, 32 அங்குலம். சிங்கப்பூர் ஏர்லைன்சின் பிரீமியம் எகானமியில் 38 அங்குலம், எமிரேட்ஸின் ஏ380 விமானத்தில் 40 அங்குலம். ஆறு அங்குல வித்தியாசம் காகிதத்தில் அற்பமாகத் தெரியும். முட்டியை முழுதாக மடக்க முடியாத ஒருவருக்கு, முன் இருக்கையில் இடிக்காமல் காலைச் சற்று நீட்டி வைக்க அந்த ஆறு அங்குலமே போதும்.

அகலத்தில் கிடைப்பது அதைவிடக் குறைவு. எகானமியில் 17 முதல் 18 அங்குலம் என்றால், இங்கே 18.5 முதல் 19.5 வரை. கைப்பிடிகள் அகலமாக இருப்பதால் பக்கத்தில் இருப்பவரின் முழங்கையோடு போராட வேண்டியதில்லை என்பதுதான் பெரிய நிம்மதி. ஒரு சிக்கலும் உண்டு. முதல் வரிசையில் சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடங்கி இருக்கும். பல விமானங்களில் எல்லா வரிசையிலும் அப்படித்தான். அந்தக் கைப்பிடியைத் தூக்க முடியாது, பக்கச்சுவர் போல இறுக்கமாக நிற்கும். இடுப்பு அகலமானவர்களுக்கு இது எகானமியைவிடவும் நெருக்கடியாகத் தோன்றலாம்.

இருக்கைகள் அமைந்திருக்கும் விதம்தான் வயதான தம்பதிகளுக்கு உண்மையான லாபம். ஏ350 விமானத்தில் எகானமி பொதுவாக மூன்று-மூன்று-மூன்று. பிரீமியம் எகானமி இரண்டு-நான்கு-இரண்டு. சன்னல் பக்கத்து இரண்டு இருக்கையும் அப்பாவும் அம்மாவும் எடுத்துக்கொண்டால் நடுவில் அந்நியர் யாரும் இல்லை. இரவில் மூன்று முறை கழிப்பறைக்கு எழ வேண்டிய சர்க்கரை நோயாளிக்கு, தூங்கும் இரண்டு பேரை எழுப்பித் தாண்டிப் போகும் சங்கடம் இருக்காது. தண்ணீர் குடித்தால் எழ வேண்டுமே என்று பயந்து, தாகத்தோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் நம்மில் எத்தனை பேர்!

அடுத்தது சாய்வு. சிங்கப்பூர் ஏர்லைன்சிலும் எமிரேட்ஸிலும் முதுகு எட்டு அங்குலம் சாயும். இடுப்பு வலி உள்ளவர்களுக்கு இது நல்லது. ஆனால் நீங்கள் எட்டு அங்குலம் சாய்ந்தால் முன்னால் இருப்பவரும் எட்டு அங்குலம் உங்கள் மேல் சாய்வார். அந்த நேரத்தில் எழுந்து வெளியே வருவது எகானமியைப் போலவே சிரமம்தான். ஜப்பான் ஏர்லைன்ஸ் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறது. அதன் இருக்கை அசையாத ஓட்டுக்குள் முன்னோக்கிச் சறுக்கும். முன்னால் இருப்பவர் சாய்ந்தாலும் உங்கள் இடம் குறையாது. அதற்கு ஈடாக, நீங்கள் சாயும்போது உங்கள் முட்டியே முன்னே நகர்கிறது. தூக்கம் முக்கியம் என்றால் முதல் வகையும், அடிக்கடி எழுபவர் என்றால் இரண்டாவது வகையும் பொருந்தும்.

கால்தாங்கியைப் பற்றி விளம்பரங்கள் சொல்லாத ஒன்று: அது நடுத்தர உயரம் உள்ளவருக்காகச் செய்தது. நம் பாட்டிமார் பலர் ஐந்தடிதான். அவர்கள் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தால் பாதம் தரையில் படாது. இருக்கையின் விளிம்பு முட்டிக்குப் பின்னால் அழுத்தும். இது வசதிக் குறைவு மட்டுமல்ல. 2007இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் நரம்பில் ரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆகிறது என்பதால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் உடல் பருமன் உள்ளவர்களோடு, 1.6 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர்களையும் அந்த ஆய்வு கூடுதல் அபாயப் பட்டியலில் சேர்த்தது. பேருந்து, ரயில், கார் பயணத்துக்கும் இதே கதைதான். காரணம் வகுப்பு அல்ல, அசையாமை. பிரீமியம் எகானமியில் சொகுசாகப் பத்து மணி நேரம் தூங்கியவரைவிட, எகானமியில் மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்தவரின் கால் நன்றாக இருக்கும்.

ஆகவே குட்டையானவர்களுக்கு முன் இருக்கையின் அடியிலிருந்து இறங்கும் பாதக்கம்பி இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். முதல் வரிசைக்கு முன்னால் இருக்கை கிடையாது, ஆகவே அந்தக் கம்பியும் இருக்காது. முதல் வரிசை என்றாலே வசதி என்று கூடுதல் பணம் கொடுத்து வாங்குபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. எந்த இருக்கையானாலும், சிறிய கைப்பையைக் காலடியில் வைத்துப் பாதத்தை அதன்மேல் ஊன்றிக்கொண்டால் பாதி வலி குறையும். அதற்கு ஒரு வெள்ளி செலவில்லை.

மலேசியர்களுக்கு ஒரு குழப்பம் உண்டு. மலேசியா ஏர்லைன்சில் பிரீமியம் எகானமி என்ற தனி வகுப்பே இல்லை. எகானமியிலேயே கால் வைக்க அதிக இடமுள்ள சில இருக்கைகளைக் கூடுதல் கட்டணத்துக்குத் தருகிறார்கள். கால் நீட்ட மட்டும் இடம் வேண்டும் என்பவர்களுக்கு இதுவே மலிவான வழி. அகலமும் சாய்வும் மாறாது. அவசரக் கதவு வரிசை என்றால், நடக்கச் சிரமப்படுபவர்களை அங்கே உட்கார விடமாட்டார்கள். கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்கு நேரடியாக, பிரீமியம் எகானமியில் போக விரும்புவோருக்கு, 2025 ஏப்ரலில் மீண்டும் பறக்கத் தொடங்கிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் இருக்கிறது. அதன் போயிங் 787இல் இருக்கைகள் இரண்டு-மூன்று-இரண்டு, பிட்ச் 38 அங்குலம். இல்லையென்றால் சிங்கப்பூர், ஹாங்காங், துபாய் வழியாகத்தான். முட்டி வலிக்காரருக்கு, இடையில் விமானம் மாறி நீண்ட நடைபாதையில் நடப்பதைவிட எகானமியில் நேரடிப் பயணமே மேலாக இருக்கலாம்.

எவ்வளவு தூரம் போனால் இது பெறும்? கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு நான்கு மணி நேரம். அதற்கு இந்தச் செலவு வேண்டியதில்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 18 மணி நேரத்துக்கு மேல் பறக்கும் ஏ350 விமானங்களில் எகானமியே கிடையாது. 67 பிசினஸ் இருக்கை, 94 பிரீமியம் எகானமி இருக்கை, அவ்வளவுதான். அவ்வளவு நேரம் சாதாரண எகானமியில் உட்காரச் சொல்ல விமான நிறுவனத்துக்கே மனம் வரவில்லை போலும்.

இடைப்பட்ட பயணங்களுக்கு ஒரு சிக்கன வழி: போகும்போது ஒரு வகுப்பு, வரும்போது ஒரு வகுப்பு. இரவில் பறக்கும் வழிக்கு மட்டும் பிரீமியம் எகானமி எடுத்து, பகல் வழிக்கு எகானமி எடுத்தால் கூடுதல் செலவு பாதியாகும். வாங்குமுன் விமானத்தின் வகையையும் பார்க்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் ஏ380க்கும் போயிங் 777க்கும் இருக்கை வேறுபடலாம்.

சைவ உணவு எந்த வகுப்பிலும் கேட்டால்தான் கிடைக்கும். குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சக்கர நாற்காலி உதவியையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். அதற்கும் டிக்கெட்டின் வகுப்புக்கும் சம்பந்தமில்லை, பொதுவாகக் கட்டணமும் கிடையாது. டிக்கெட் போடும்போதே பதிந்துவிட்டால் முகப்பிலிருந்து விமானக் கதவு வரை அம்மாவை அழைத்துச் செல்ல ஆள் வரும். எகானமியில்தான் போவேன் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கும் இதை மட்டுமாவது கேட்டுப் போட்டுவிடலாம்.