எட்டுப் புள்ளிக்காரனும் பேசலாம்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க எங்கள் பாட்டி பரமபதப் பலகையை விரிப்பார். ஏணியில் நற்குணம், பாம்பில் தீயகுணம். ஆனால், எந்தக் கட்டத்தில் நிற்பது என்பதை நாம் முடிவு செய்வதில்லை. தாயக்கட்டைதான் முடிவு செய்யும்.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு இன்னொரு பகடை விளையாட்டு எனக்கு அறிமுகமானது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான் அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று வாயால் சொல்லி ஆட வேண்டும். கெலுகோரில் ஒரு நண்பரின் வீட்டில் ஐந்து பேர் சனிக்கிழமைதோறும் கூடினோம். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் கலந்த ஆட்டம்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு திறன்கள் உண்டு: வலிமை, லாவகம், தாங்கும் சக்தி, அறிவு, விவேகம், வசீகரம். தொடக்க காலத்தில் ஒவ்வொரு திறனுக்கும் மூன்று பகடைகளை உருட்டிக் கூட்டினார்கள். முழுசாக 18 விழ 216இல் ஒரு வாய்ப்புதான். 10 அல்லது 11 விழுவதோ நான்கில் ஒரு வாய்ப்பு. அதாவது, பெரும்பாலோர் நடுத்தரமானவர்களே.

நாங்கள் ஆடியது 2014ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் பகடை உருட்டாமல் பாத்திரத்தை அமைக்கவும் ஒரு வழி உண்டு. ஆறு திறன்களும் 8இல் தொடங்கும். கையில் 27 புள்ளிகள் இருக்கும். ஒரு திறனை 15க்கு உயர்த்த 9 புள்ளிகள் செலவாகும். மூன்று திறன்களை 15 ஆக்கினால் புள்ளிகள் தீர்ந்துவிடும். மற்ற மூன்றும் 8இலேயே நிற்கும். எல்லாவற்றிலும் முதலிடம் பெற விதியே இடம் தராது. அதனால்தான் இதை ஒரு குழுவாக ஆடுகிறார்கள்.

நான் யோசிக்காமல் வசீகரத்தை 8இல் விட்டேன். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போன நாள் முதல், வகுப்பில் மலாயில் வாய்திறக்க எனக்குப் பயம். என் பாத்திரமும் என்னைப் போலவே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஒரு வாரம் எங்கள் குழுவில் நன்றாகப் பேசுபவர் கதைக்குள் சிறைப்பட்டார். வாயிற்காவலனிடம் பேச வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. விதி இதுதான்: இருபது முகப் பகடையை உருட்டி, திறனுக்குரிய எண்ணைச் சேர்க்க வேண்டும். 8க்கு ஒன்று கழியும், 15க்கு இரண்டு கூடும். மொத்தம் 15ஐத் தொட்டால் வெற்றி.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் பாத்திரம் வெல்ல 16 முதல் 20 வரை விழ வேண்டும். வாய்ப்பு 25 விழுக்காடு. வசீகரம் 15 உள்ள நண்பருக்கு 13 முதல் போதும்; வாய்ப்பு 40 விழுக்காடு. நல்ல பேச்சாளருக்கும் எனக்கும் உள்ள தூரம் 15 விழுக்காடுதான். அவரும் பாதிக்கு மேல் தோற்பார். நானும் நான்கில் ஒருமுறை வெல்வேன்.

அன்று எனக்கு விழுந்தது 11. ஒன்று கழிய 10, தோல்வி. காவலன் மணியடித்தான், எல்லாரும் ஓடினோம். அந்த ஓட்டம்தான் அன்றைய ஆட்டத்தின் சுவையான பகுதி. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. தோற்ற பிறகும் கதை நடந்துகொண்டே இருந்தது.

அடுத்த மாதம் வகுப்பில் மலாயில் படைப்பு செய்யும் முறை வந்தது. முதல் வாக்கியத்திலேயே தடுமாறினேன். ஆனால், நிறுத்தவில்லை. முன்பு நான் பயந்தது தடுமாற்றத்துக்கு அல்ல, தடுமாறினால் எல்லாம் முடிந்துவிடும் என்ற எண்ணத்துக்குத்தான் என்று அப்போது புரிந்தது.

இந்த விளையாட்டுக்குத் தாள், பென்சில், பகடை போதும். அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பள்ளி விடுமுறையில் தம்பி தங்கைகளோடு தமிழிலேயே ஆடிப் பாருங்கள்.

நான்காம் நிலையை எட்டும் பாத்திரத்துக்கு இரண்டு புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும். என் முறை வந்தபோது, வலிமையில் போடும்படி நண்பர்கள் சொன்னார்கள். நான் இரண்டையும் வசீகரத்தில் போட்டேன். 8 இப்போது 10. வாய்ப்பு 25இலிருந்து 30 விழுக்காடு. எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த சனிக்கிழமை வாயிற்காவலனிடம் நான்தான் பேசப் போகிறேன்.