குட்டிக்கரணம் போடும் குட்டி விமானங்கள்

ஏலமும் மிளகும் கராம்பும் மணக்கும் இரத்தோட்டையில், கிராம் கணக்கின் அருமையை எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. றேடியோ அலையால் இயங்கும் மாதிரி விமானம் செய்ய விழையும் மாணவனுக்கு வாசனைத் திரவியக் கடைத் தராசே முதல் ஆசான் என்று நாம் சொன்னால் வாசகர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் உண்மை அதுவே. நேராகப் பறக்கும் விமானம் சற்றே பருத்திருப்பினும் பிழைத்துக்கொள்ளும். குட்டிக்கரணம் போடும் விமானத்திற்கு அத்தகைய சலுகை இல்லை.

மின்சார மாதிரி விமானம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1957ஆம் ஆண்டு ஜூன் 30ஆந் திகதி இங்கிலாந்தில் கேணல் டாப்ளின் என்பார் வெள்ளி-நாகக் கலங்களைக் கொண்டு 'றேடியோ குயீன்' என்னும் விமானத்தைப் பறக்கவிட்டார். அக்கலங்கள் விலை மிக்கவை. பின்னர் வழக்கிற்கு வந்த நிக்கல்-கட்மியக் கலங்களோ பாரமானவை. கிலோவுக்கு 40 முதல் 60 வாற்று மணி வரையே சக்தி தந்தன. இன்றைய இலிதியம்-பொலிமர் கலங்கள் அதனைப்போல் இரண்டு மூன்று மடங்கு தருகின்றன. பெற்றோலுடன் ஒப்பிட்டால் இதுவும் அற்பமே. ஒரு கிலோ பெற்றோலில் ஏறத்தாழ 12,000 வாற்று மணி அடங்கியுள்ளது. ஆதலினாற்றான் மின்சார விமானத்தில் சிக்கனம் தவிர்க்கவொண்ணாததாகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 900 கிராம் நிறையுள்ள விமானம் ஒன்றில் மூன்று கலங்கள் கொண்ட, 2200 மில்லி அம்பியர் மணிப் பற்றரி இருக்கிறது. அதன் நிறை 180 கிராம் அளவாகும். "பெரிய பற்றரி போட்டால் நெடுநேரம் பறக்குமே, சேர்!" என்பான் மாணவன். 4000 பற்றரி போடுகிறோம். நிறை 140 கிராம் கூடுகிறது. சக்தி 1.8 மடங்காயிற்று. எனினும் பறக்கும் நேரம் ஒன்றரை மடங்கைத் தாண்டாது. பாரம் கூடியதால் மட்டமாகப் பறக்கவே நாலில் ஒரு பங்கு அதிக வலு செலவாகிறது. தரையிறங்கும் வேகமும் மிகும். விசிறியின் இழுவிசை 1300 கிராம் என்றால், முன்பு நிறையைப்போல் 1.44 மடங்காயிருந்தது இப்போது 1.25 ஆகிறது. செங்குத்தாய் ஏறிய விமானம் மூச்சுவாங்கத் தொடங்கும். ஐந்தாறு நிமிட வித்தைக்குச் சிறிய பற்றரியே சிறந்தது என்பது நம் கருத்து.

அதற்காக மிகச் சிறியதையும் நாடலாகாது. பற்றரியில் 25 'சி' என்றிருந்தால், 2200க்கு 55 அம்பியர் வரை எடுக்கலாம், 1500க்கோ 37.5 மட்டுமே. மோட்டர் 40 அம்பியர் கேட்குமாயின் சிறியது சூடேறி வீங்கிவிடும். அட்டையில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்புவோர் கடைக்காரரின் நண்பர்கள்!

நிறையைக் குறைக்கும் வேலையை வாலிலிருந்து தொடங்குக. வால் நெடுந்தூரத்தில் இருப்பதால், அங்கு கூடிய 10 கிராமைச் சமன்செய்ய மூக்கில் 20, 30 கிராம் ஈயம் வேண்டியிருக்கும். ஈயத்தைச் சுமப்பதைவிடப் பற்றரியை முன்னே தள்ளி வைப்பது புத்தி. பசையை அள்ளிப் பூசுவதும், பல அடுக்கு வர்ணம் அடிப்பதும் நம் பிள்ளைகளின் பழக்கம். இவையே கண்ணுக்குத் தெரியாத பாரம். மேலே றிவஸ்டன் பக்கம் செல்வோர் ஒன்றை நினைவிற் கொள்க: அங்கு காற்றின் அடர்த்தி கடற்கரையிலும் குறைவு, பாரமான விமானம் இன்னும் திணறும்.

பெற்றோருக்கு ஒரு சொல். கலம் ஒன்று நிறைந்த நிலையில் 4.2 வோல்ற்று, 3 வோல்ற்றுக்குக் கீழே இறங்கவிடலாகாது, பல நாள் வைப்பதாயின் 3.8 அளவில் வைத்தல் நன்று. ஆளில்லா வேளையில் மின்னேற்றுதல், அதிலும் மெத்தைக்கருகில் ஏற்றுதல், கூடவே கூடாது. வீங்கிய பற்றரியை மீண்டும் ஏற்றினால் தீப்பிடிக்கலாம். வெளிநாட்டிலிருந்து உறவினர் உதிரிப் பற்றரி கொண்டுவருவதாயின் கைப்பொதியில் மட்டுமே கொணர முடியும். 100 வாற்று மணிக்கு மேற்பட்டதற்கு விமான நிறுவனத்தின் அனுமதியும் தேவை. நாம் சொன்ன 2200 பற்றரி 24 வாற்று மணியளவே.

2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களின்பின் ஆளில்லா விமானங்கள் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டதை வாசகர் மறந்திரார். மைதானத்துக்குப் போகுமுன் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அன்றைய விதிகளை ஆசிரியரோ பெற்றோரோ கேட்டறிந்துகொள்வாராக.