மலையிறங்கும் மனிதரும் மலையிலேயே நின்றுவிடும் உரிமையும்



நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலைக்குச் செல்ல எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். மேலே மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும் விளைகின்றன. அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் 'மலையாளி' என்னும் பழங்குடியினர். பெயரைக் கொண்டு அவர்களைக் கேரளத்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். அவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டுச் சேர்வராயன், கொல்லி, பச்சை ஆகிய மலைகளில் பிரிந்து குடியேறினர் என்பது அவர்கள் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. இன்று மலையின் மைந்தர்களாக அறியப்படுவோரும் ஒரு காலத்தில் ஊர் விட்டு ஊர் வந்தவர்களே!

அதே மலையிலிருந்து இன்று கூலி வேலை தேடிக் கேரளத்திற்கும் கர்நாடகத்திற்கும் செல்லும் குடும்பங்கள் உள்ளன. அவர்கள் மாநில எல்லையைக் கடக்கும்போது அவர்களுடைய உரிமைகளும் உடன் செல்கின்றனவா? இதுவே நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

அரசியல் சாசனம் அளித்த வாக்கு

இந்தியக் குடிமகன் எவரும் நாடு முழுவதும் தடையின்றிச் சென்று வரலாம். எப்பகுதியிலும் தங்கி வாழலாம் என்று அரசியல் சாசனத்தின் 19ஆம் பிரிவு உறுதியளிக்கிறது. பிறந்த இடம், வசிக்கும் இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் காட்டி அரசு வேலையில் பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது 16ஆம் பிரிவு. வசிப்பிட நிபந்தனை விதிக்க வேண்டுமாயின், அதற்குரிய அதிகாரம் நாடாளுமன்றத்திற்கே உண்டு. மாநிலத்திற்கு ஒரு குடியுரிமை என்பது நம் நாட்டில் இல்லை. அனைவருக்கும் உள்ளது ஒரே குடியுரிமைதான்.

கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும்

ஆனால் நடைமுறை வேறு விதமாக இருக்கிறது. 342ஆம் பிரிவின்படி பழங்குடியினர் பட்டியல் மாநிலந்தோறும் தனித்தனியாக வகுக்கப்படுகிறது. தமிழ்நாட்டுப் பட்டியலில் மலையாளிகளுக்கு மாவட்ட வரம்பும் உண்டு. தருமபுரி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், திருச்சிராப்பள்ளி ஆகிய அன்றைய மாவட்டங்களில் வாழ்வோரே பழங்குடியினராக ஏற்கப்படுகின்றனர். கொல்லிமலை அன்று சேலம் மாவட்டத்தில் இருந்ததால், 1997இல் நாமக்கல் தனி மாவட்டமான பிறகும் அம்மக்களுக்கு அந்தத் தகுதி நீடித்தது. ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலையில் வாழும் மலையாளிகளோ பட்டியலுக்கு வெளியே நின்று, தங்களையும் சேர்க்குமாறு பல்லாண்டுகளாகக் கோரி வந்துள்ளனர். பெயர் ஒன்று, மரபு ஒன்று. வரைபடத்தில் இழுத்த கோடு மட்டுமே வேறு!

மாநில எல்லையிலும் இதே நிலைதான். ஆந்திரத்திலிருந்து மகாராட்டிரத்திற்குக் குடிபெயர்ந்த பழங்குடிக் குடும்பத்து மாணவர் ஒருவர், மருத்துவக் கல்லூரியில் இட ஒதுக்கீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். ஒரு மாநிலத்தில் பெற்ற பழங்குடித் தகுதி வேறு மாநிலத்திற்கு உடன் வராது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018இல் மற்றோர் அரசியல் சாசன அமர்வு அதை உறுதிசெய்தது. சொந்த மாநிலத்திலும் மத்திய அரசு வேலைகளிலும் அந்தத் தகுதி செல்லும். குடியேறிய மாநிலத்தின் ஒதுக்கீட்டில் செல்லாது. ஆகவே, பிழைப்புக்காக எல்லை கடந்த கொல்லிமலைக் கூலித் தொழிலாளியின் பிள்ளை, தான் வளரும் மண்ணில் அந்த உதவியின்றியே படித்து முன்னேற வேண்டியிருக்கிறது.

இரு வகை வேலிகள்

இத்தீர்ப்புக்கு நியாயமே இல்லை என்று கூறிவிட முடியாது. ஒரு சமுதாயத்தின் பின்தங்கிய நிலை இடத்திற்கு இடம் மாறும். வெளியிலிருந்து வருவோர் உள்ளூர் ஏழையின் பங்கைப் பறித்துவிடவும் கூடாது. பழங்குடியினரின் நலன் காக்க, வெளியார் வந்து குடியேறுவதற்கு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்று அதே 19ஆம் பிரிவும் இடமளிக்கிறது. நலிந்தவரின் நிலத்தைக் காக்கும் வேலி தேவையானதே.

ஆனால் நலிந்தவரை வெளியே நிறுத்தும் வேலியும் உண்டு. மாதம் 30,000 ரூபாய் வரை ஊதியமுள்ள தனியார் வேலைகளில் 75 விழுக்காட்டை உள்ளூர்க்காரர்களுக்கே ஒதுக்க வேண்டுமென அரியானா அரசு ஒரு சட்டம் இயற்றியது. அது அரசியல் சாசனத்திற்கு முரணானது என்று 2023 நவம்பரில் பஞ்சாப், அரியானா உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2024 ஜூலையில் கர்நாடகத்திலும் இத்தகைய மசோதாவுக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்து, எதிர்ப்பு எழுந்ததும் நிறுத்தி வைத்தது. இத்தகைய சட்டங்களால் முதலில் அடிபடுவோர் யார்? குறைந்த ஊதியத்திற்கு வேலை தேடிவரும் ஏழைகள் அல்லவா? ஒவ்வொரு மாநிலமும் இப்படிக் கதவடைத்தால், அண்டை மாநிலங்கள் ஒன்றுக்கொன்று அந்நிய நாடுகளாகிவிடாதா?

சந்தைக்கு வழி எது?

ஹிஜ்ரத்தின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த முஹாஜிர்களை மதீனாவின் அன்ஸாரிகளோடு நபி (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்தார்கள். ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் அவருக்காக துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி எது என்று மட்டும் கேட்டார்கள். புலம்பெயர்ந்து வருபவர் பெரும்பாலும் கேட்பது தானத்தையன்று. உழைத்துப் பிழைக்க ஒரு வாசலையே கேட்கிறார்.

அந்த வாசலைத் திறப்பது இயலாததன்று. 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் இணைந்தது. வெளிமாநிலத்தார் இங்கும், நம்மவர் வெளிமாநிலத்திலும் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உரிய தானியத்தைப் பெற அது வழி செய்தது. உணவுக்கான உரிமை மனிதனோடு பயணம் செய்ய முடியுமானால், கல்விக்கான உதவியும் ஏன் பயணம் செய்யக் கூடாது?

சகோதரர்களே! நம் தெருவிலும் கட்டடப் பணியிலும் உணவு விடுதியிலும் வெளிமாநிலத்து இளைஞர்கள் உழைக்கின்றனர். நம் பிள்ளைகளும் வளைகுடாவிலும் பெங்களூரிலும் இப்படித்தான் உழைக்கின்றனர். நம் பிள்ளைக்கு அங்கே கிடைக்க வேண்டுமென நாம் விரும்பும் மரியாதையை, இங்கு வந்த பிறர் பிள்ளைக்கு நாம் தருகிறோமா? கூலியைக் குறைக்காமல், வாடகையைக் கூட்டாமல், அவர்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கத் துணைநின்று, சட்டம் வருவதற்கு முன்பே நாம் அந்த வாசலைத் திறப்போமாக! வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன்.