ஒரு சொல், நான்கு குரல்

நிவித்திகலத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் நாம் நாள்தோறும் ஒரு சீனச் சொல்லை வழங்குகிறோம். ‘தேயிலை’ என்பதிலுள்ள ‘தே’, தென்சீன வழக்கிலிருந்து ஐரோப்பியர் வாயிலாக வந்ததேயாகும்.

சீனத்தில் ‘மா’ என்பதைச் சமக்குரலில் நீட்டினால் தாய், உயர்த்தினால் சணல், தாழ்த்தி எழுப்பினால் குதிரை, சட்டென இறக்கினால் வசவு! நாம் ‘அம்மா’ என்று கொஞ்சினாலும் அலறினாலும் பொருள் தாயே. குரல் உணர்ச்சியையே காட்டும். சீனர் மனமோ குரலையும் சொல்லின் உறுப்பாகவே கொள்கிறது. மொழியை ஆளும் மூளையின் இடப்பாகமே அதனைப் பெரிதும் பகுத்தறிகிறது என்பர் ஆய்வாளர்.

இது பிறவிக்கொடையன்று. பிற மொழியினரின் பச்சிளங் குழந்தைகளும் இவ்வேறுபாட்டை உணர்கின்றன; கேட்டுப் பழகாவிடில், ஓராண்டு நிறையுமுன்பே அவ்வுணர்வு மங்கத் தொடங்குகிறது.

கேட்கும் பேச்சே மனத்தை வார்க்கிறதன்றோ? மாலையில் பிள்ளை மடுவத்திலிருந்து மழலையை ஏந்தி வருகையில், களைப்பை மறந்து நாலு வார்த்தை பேசி வருவோமாக!