கூட்டத்துல செல்போன் ஏன் சுத்திக்கிட்டே இருக்கு?



திருவேங்கடத்தில் கூட்டமைப்புக் கூட்டம் என்றால் 40, 50 பேர் கூடுகிறோம். எல்லோர் கையிலும் செல்போன். ஒரே வைஃபையில் எல்லோரும் தவணைப் பணம் அனுப்பினால் சக்கரம் சுத்திக்கிட்டே நிற்கும். பணம் போச்சா, போகலையான்னு தெரியாமல் சிலர் இரண்டாவது தடவையும் அனுப்பிவிடுகிறோம்.

காரணம் என்ன? ஒரு போன் பேசும்போது மற்ற போன்கள் முறைக்குக் காத்திருக்க வேண்டும். தெருக்குழாய் ஒன்று, குடம் ஐம்பது என்ற கதைதான்.

இதற்கு வழி காட்டியவர் நம்ம பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1992-ல் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து "மிமோ" முறைக்குக் காப்புரிமை கேட்டார். 2014-ல் மார்க்கோனி பரிசு பெற்றார்.

பல ஆன்டெனாக்கள் கணக்குப் பார்த்து அலைகளை அனுப்பும். ஒரு போன் இருக்கும் இடத்தில் அலைகள் ஒன்றுகூடும். பக்கத்துப் போனிடம் ஒன்றையொன்று அடக்கிவிடும். அதனால் ஒரே நேரத்தில் பலருக்கும் தனித்தனியே தகவல் போகும். குழாய் ஒன்று பலவாகிறது! 5ஜி கோபுரங்களில் இப்படிப் பல ஆன்டெனாக்கள் உண்டு.

நாம் செய்ய வேண்டியவை:

* வைஃபை பெட்டி வாங்கும்போது "மு-மிமோ" உள்ளதா என்று கேட்போம். நம்ம போனிலும் அந்த வசதி இருந்தால்தான் முழுப் பலன்.
* அதை நடுக்கூடத்தில் உயரமாக வைப்போம். இரும்பு பீரோவுக்குப் பின்னால் வேண்டாம்.
* வெளியிலிருந்து வரும் இணைப்பே மெதுவென்றால் எத்தனை ஆன்டெனா இருந்தும் பலனில்லை. முதலில் அதைச் சரிபார்ப்போம்.
* சக்கரம் சுத்தினால் அவசரப்படாதீங்க. கணக்கில் பணம் குறைஞ்சிருக்கான்னு பார்த்த பிறகே மறுபடி அனுப்புவோம்.

சேர்த்த காசு நம்ம உழைப்பு. அதைக் காப்பதும் நம்ம கையில்தான்!