மூக்கடைப்பும் வெட்டிவேர்த் தட்டியும்

“மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது, லேசர் வைத்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்கிறார்கள். செய்துகொள்ளலாமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அந்தச் ‘சதை’ பெரும்பாலும் டர்பினேட். புதிதாக முளைத்ததல்ல, பிறவியிலேயே இருப்பது. ரத்தம் நிரம்பினால் புடைக்கும், வடிந்தால் சுருங்கும். இடதும் வலதும் சில மணி நேரத்துக்கொரு தடவை முறை மாற்றிக்கொள்ளும். ஒவ்வாமையாலோ, மூக்குச் சொட்டுமருந்தை விடாமல் போட்டதாலோ புடைத்தபடியே நின்றுவிட்டால்தான் தொல்லை.

மூச்சு தாராளமாக வருவதை மூக்கு எப்படி அறிகிறது? முக்கியமாகக் குளிரை வைத்துத்தான். காற்று உரசும்போது ஈரச் சவ்வு குளிர்கிறது. அதிலுள்ள ஐந்தாம் கபால நரம்பின் நுனிகள் அந்தக் குளிரை மூளைக்குச் சொல்கின்றன. கோடையில் ஜன்னலில் நனைத்துத் தொங்கவிட்ட வெட்டிவேர்த் தட்டிதான் டர்பினேட். அதைத் தொட்டுப் பார்த்தே “காற்று வருகிறது” என்று குரல் கொடுக்கும் கண் தெரியாத காவல்காரர் அந்த நரம்பு. தட்டியைப் பிய்த்தெறிந்தால் காற்று கொட்டும். ஆனால் அவர் கைக்கு எதுவும் எட்டாது, “ஜன்னல் மூடியிருக்கிறது” என்று சாதிப்பார். மெந்தால் தைலம் அவர் கையில் பனிக்கட்டியை வைக்கிறது: அளந்து பார்த்தால் அடைப்பு துளியும் குறைந்திருக்காது, அவரோ திருப்தியாகிவிடுவார். இதற்கு மேல் போனால் அவருக்குச் சம்பளம் பேச வேண்டியிருக்கும்.

வரலாறு சுருக்கமானது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே டர்பினேட்டை முழுசாக வெட்டியெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்படி வெட்டிக்கொண்டவர்களில் சிலர் மூக்கு விரியத் திறந்திருந்தும் மூச்சு முட்டுகிறது என்று தவித்தனர். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1994-இல் அதற்கு ‘வெற்று மூக்கு’ என்று பெயர் வைத்தார்கள்.

இன்றைய கவனமெல்லாம் சவ்வைக் காப்பாற்றுவதில். டர்பினேட்டின் முன்நுனியில் சிறு கீறல் போட்டு, மெல்லிய சுழல்கத்தியை உள்ளே விட்டு, சவ்வு என்ற போர்வையைக் கிழிக்காமல் உள்ளே பஞ்சாயிருக்கும் திசுவை மட்டும் எடுக்கிறார்கள். ரேடியோ அலை ஊசி உள்ளேயே சுட்டு, சில வாரங்களில் தழும்பாக்கிச் சுருக்குகிறது. மேற்பரப்பைச் சுடும் லேசரோ பொருக்கு தட்ட வைக்கும். இத்தாலியில் 382 பேரிடம் 6 முறைகளை ஒப்பிட்டார்கள். சவ்வுக்கு உள்ளே மட்டும் எடுத்து, டர்பினேட்டுக்குள் இருக்கும் எலும்பைப் பக்கவாட்டில் ஒதுக்குவதே நீண்ட நாள் பலன் தந்தது. விளம்பரத்தில் மின்னும் லேசர் அல்ல.

முதலில் ஸ்டீராய்டு ஸ்பிரேயைச் சில வாரம் ஒழுங்காக அடித்துப் பாருங்கள். மூக்கின் நடுத்தண்டு வளைந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். மருத்துவர் சுருக்கும் மருந்தைத் தெளித்துப் பார்ப்பார். உடனே சுருங்கினால் கோளாறு ரத்தம் தங்கும் திசுவில். அப்படியே நின்றால் பெரும்பாலும் எலும்பில். மேலே எவ்வளவு சுட்டாலும் எலும்பு இளைக்காது.